காக்காப்பொன் ஓடிய உத்திரம்

ஒரு கல் விழுமா விழாதா என்று சொல்லத் தெரியாமல் ஐந்து நாள் தவித்திருக்கிறேன். ஆனி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அது தொடங்கியது. வியாழக்கிழமை காலை முகூர்த்தத்தோடு முடிந்திருக்க வேண்டும். முழுக்க முடிந்ததாகச் சொல்ல முடியாது. யுத்தகாலம். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் எங்கள் தென்காசி ரயிலடியில் வந்து இறங்கியதற்கு மறு வருஷம். நான் சார்பதிவாளர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். தேதி போடாத காகிதத்தை அங்கே ஒருவரும் கையால் தொடமாட்டார்கள். எனக்கும் அதே புத்தி ஒட்டிக்கொண்டது. ஆனாலும் இங்கே தேதியை விட்டுவிடுகிறேன். பெயர்களையும் விட்டுவிடுகிறேன். அந்தக் குடும்பம் இன்னும் அதே தோப்பில்தான் இருக்கிறது.

ஊரில் எங்களுக்குக் 'கல்தட்டிகள்' என்று பெயர். மூன்று பேர். ஹைஸ்கூலில் சயன்ஸ் எடுத்த ஆசிரியர் ஒருவர்; அவரை ஊரே சார்வாள் என்று கூப்பிடும். அவரிடம் ஒரு பூதக்கண்ணாடியும் தட்டான் வைத்திருப்பதைவிடக் கொஞ்சம் பெரிய சுத்தியலும் இருந்தன. என்னிடம் இருந்தது படிப்பு மட்டும். குற்றாலத்துச் சாரலுக்கு வந்துபோகும் துரைமார் பங்களாவைக் காலி செய்யும்போது புத்தகங்களை மூட்டையாக ஏலத்தில் விடுவார்கள். மலை, பாறை, பாலம், கட்டடம் என்று எது கிடைத்தாலும் வாங்கிப் படித்தேன். மூன்றாவது ஆள் எங்களைவிடப் பத்து வயது மூத்த அண்ணாச்சி. குற்றாலம் ரோட்டில் நஞ்சையும் தென்னந்தோப்பும் உடையவர். எங்களோடு அவர் சேர்ந்ததற்குக் காரணம் அவருடைய தோப்பில் இருந்த கல்மண்டபம். அருவிக்கு நடந்து போகிறவர்கள் தங்குவதற்காக அவருடைய முன்னோர் கட்டியது. உலகத்துக் கல்லையெல்லாம் அந்த மண்டபத்துக் கல்லோடு ஒத்துப் பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புவோம். கோயில் வெளிமதில், பாலத்தின் தூண்கள், சத்திரத்து வாசற்படி என்று ஊரில் உள்ள கட்டடக் கல்லையெல்லாம் வரிசையாகப் பார்ப்போம். முதலில் கண்ணால். அடுத்து செம்பிலிருந்து தண்ணீர் தெளித்து. நனைந்தால்தான் கல்லில் உள்ள வரிகள் எழும்பித் தெரியும். வெள்ளையும் கறுப்புமாக, நடுநடுவே மாதுளை முத்துப் போல சிவப்பு மணிகளோடு. கடைசியில் சுத்தியலால் மெல்லத் தட்டிக் காது கொடுப்போம். கோயில் முன்னால் பூக்கடை வைத்திருந்த அம்மாள் எங்களை விடமாட்டாள்.

"ஏன் அண்ணாச்சி, மதிலுக்குக் காய்ச்சலா? நாடி பாக்குதியளே!"

"காய்ச்சல் இல்லம்மா, வயசு பாக்குதோம்" என்பார் சார்வாள்.

"எதுக்கு, பொண்ணு பாக்கவா?"

அந்த ஞாயிறும் அவள் அப்படித்தான் சிரித்தாள். ஆனால் அன்று உண்மையிலேயே கல்யாணப் பேச்சு இருந்தது. அண்ணாச்சியின் மூத்த மகளுக்கு வியாழக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை ஆலங்குளம். பட்டாளத்தில் இருந்தான். லீவு முடிந்து வெள்ளிக்கிழமை ரயில் ஏற வேண்டும். வியாழனை விட்டால் ஆடி பிறந்துவிடும். ஆவணியில் அவன் எந்த நாட்டில் எந்தக் கூடாரத்தில் இருப்பான் என்று பட்டாளத்துக்கே தெரியாது.

"இன்னைக்கு நம்ம மண்டபத்துல முடிப்போம். வெள்ளையடிச்சு, மேல தளம் புதுசாப் போட்டு, மணவறை எழுப்பி வச்சிருக்கேன். பாத்துட்டு எங்க வீட்டுல சாப்பிட்டுப் போங்க" என்று அண்ணாச்சி எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். சாரல் பஞ்சு போல பறந்துகொண்டிருந்தது. மலை கண்ணுக்குத் தெரியவில்லை.

மண்டபம் நாலு பக்கமும் திறந்தது. தூணுக்குத் தூண் ஒரு கல் உத்திரம், அதன்மேல் மூடுகற்கள், அதன்மேல் சுண்ணாம்புத் தளம். நடுவில் உள்ள நாலு தூண்களுக்கு இடையில்தான் மணவறை. அந்த வீட்டில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் அந்த நாலு தூணுக்குள்தான் தாலி ஏறும். அண்ணாச்சியின் அக்காவுக்கும் அத்தைக்கும் அங்கேதான் ஏறியது.

சார்வாள் ஏணியை வாங்கிப் போட்டு ஏறி ஒவ்வோர் உத்திரத்தையும் தட்டிக்கொண்டு வந்தார். வெண்கலப் பானையைத் தட்டினாற்போல் கணீர் கணீர் என்றது. அண்ணாச்சி ஒவ்வொரு சத்தத்துக்கும் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். மணவறைக்கு நேர் மேலே இருந்த உத்திரத்தைத் தட்டியபோது ஈர மண்ணில் தட்டினது போல ஒரு சத்தம் வந்தது.

சார்வாள் மறுபடி தட்டினார். அதே சத்தம்.

"சுண்ணாம்பு கனமா அடிச்சிட்டானுவ. அதான்" என்றார் அண்ணாச்சி.

சார்வாள் ஏணியில் நின்றபடியே கையை நீட்டினார். செம்பை வாங்கித் தண்ணீர் விட்டு, வெள்ளையை நகத்தால் சுரண்டி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு இறங்கி ஏணியை எனக்கு விட்டார். நான் ஏறிப் பார்த்தேன்.

மற்ற உத்திரங்களில் கல்லின் வரிகள் தூணிலிருந்து தூண்வரை நீளவாக்கில் ஓடின, மரத்தில் ரேகை ஓடுவது போல. இந்த ஒரு கல்லில் மட்டும் வரிகள் சாய்ந்திருந்தன. நடுவில், அடிப்பக்கத்திலிருந்து மேல்பக்கத்துக்குச் சரிவாக, விரல் கனத்துக்குக் காக்காப்பொன், மைக்கா என்பார்களே அது, ஓடியிருந்தது. காக்காப்பொன் ஏடு ஏடாக உரியும். சிறுவர்கள் நகத்தால் உரித்து விளையாடுவார்கள். பாரம் தாங்குகிற கல்லின் நடுவில் அது சாய்வாக ஓடினால், அந்தக் கல் ஏற்கனவே பாதி வெட்டுப்பட்ட கல். அந்தக் காக்காப்பொன்னை ஒட்டியே மயிரிழை போல ஒரு விரிசல்.

"பழசா புதுசா?" என்று கீழே இருந்து சார்வாள் கேட்டார். அவருக்கு விடை தெரியும். என் வாயால் வர வேண்டும் என்று நினைத்தார்.

விரிசலின் அடிப்பாகம் கறுத்து, உள்ளே பழைய புகையும் தூசியும் படிந்திருந்தது. அது எத்தனையோ காலமாக இருப்பது. ஆனால் மேல்நுனியில் ஒரு சாண் தூரம் அழுக்கில்லை. பூதக்கண்ணாடியில் பளபளத்தது.

"ரெண்டும்தான்" என்றேன்.

அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இரண்டு வருஷம் எங்களோடு நடந்த மனிதர். வரி என்றால் என்ன, ஓட்டம் என்றால் என்ன என்று அவருக்கும் தெரியும்.

"மேல என்ன பாரம் ஏத்தினிய?" என்று சார்வாள் கேட்டார்.

புதுத் தளம் போட்டபின் மிஞ்சிய செங்கல் முழுக்க மேலேயே அடுக்கிவைத்திருந்தது. அண்ணாச்சி அப்போதே ஆட்களைக் கூப்பிட்டு இறக்கச் சொன்னார். செங்கல் கை மாறிக் கை மாறி இறங்கியது. இறங்கி முடிந்ததும் ஏதோ தீர்ந்துவிட்டது போல எங்களிடம் வந்து நின்றார்.

"இனிமே நிக்கும்லா?"

சார்வாள் சுத்தியலை எடுத்துத் துணியில் சுற்றினார்.

"சொல்லுங்க வே. நிக்குமா நிக்காதா?"

"அண்ணாச்சி, அம்பது வருஷமும் நிக்கலாம். வியாழக்கெழமை கெட்டிமேளத்துக்கே விழவும் செய்யலாம். கல்யாணத்தை வேற எடத்துக்கு மாத்திருங்க" என்றார் சார்வாள்.

"எங்கன மாத்த? என்னன்னு சொல்லி மாத்த?"

அதற்குப் பிறகுதான் முழு விஷயமும் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குடும்பத்தில் அவர் சொல்தான் சொல். கல்யாணம் ஆலங்குளத்தில் நடக்க வேண்டும் என்று தொடக்கத்திலிருந்தே பிடிவாதம் பிடித்தார். அண்ணாச்சி குடும்ப வழக்கத்தைச் சொல்லி, கெஞ்சி, மண்டபத்தைப் பற்றிப் பெருமை பேசி இங்கே நடத்தச் சம்மதம் வாங்கியிருந்தார். இப்போது போய், மணவறைக்கு மேலே உள்ள கல் பிளந்திருக்கிறது என்று சொன்னால்?

"தலைக்கு மேல கல்லு பொளந்த வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னு ஒரே வார்த்தையில எந்திரிச்சிருவாரு. அந்தப் பையன் வெள்ளிக்கெழமை ரயில் ஏறிருவான். பெறவு என் புள்ளைய யாரு கேட்டு வருவா? மண்டபம் பொளந்த பொண்ணுன்னு பேரு வச்சிருவானுவ. வேற எடத்துக்கு மாத்துனா, ஏன் மாத்துனேன்னு அந்த ஏட்டையா ஒரு நாளைக்குள்ள கண்டுபிடிச்சிருவாரு. அவருக்குத் தொழிலே அதுதான்."

"அதுக்காகப் புள்ளைய அந்தக் கல்லுக்குக் கீழ உக்கார வைக்கப் போறியளா?" சார்வாளின் குரல் உயர்ந்துவிட்டது.

"மெல்லப் பேசும் வே!"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பாலங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். விரிசல் நடமாடுகிறதா என்று அறிய அதற்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைப் பதித்துத் தேதி போட்டுவைப்பார்கள். கண்ணாடி உடைந்தால் கல் நகர்கிறது. உடையாவிட்டால் கல் அமைதியாக இருக்கிறது.

"ஸ்கூல் லாப்ல கண்ணாடிச் சில்லு இருக்கு" என்றார் சார்வாள்.

"கண்ணாடி வேண்டாம். மின்னும். வாரவன் போறவன் எல்லாம் பாப்பான்" என்றார் அண்ணாச்சி.

அப்படித்தான் கண்ணாடிக்குப் பதில் காகிதமாயிற்று. விரிசலின் அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, நுனியில் ஒன்று என்று மூன்று பட்டைகள். காகிதத்தில் என் கையாலேயே தேதி எழுதினேன். அண்ணாச்சி வீட்டுக்குள் போய்ப் பசை கேட்டார். அவருடைய மனைவி, எங்களுக்கு மதினி, சோற்றைப் பிசைந்து கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு தானே வந்துவிட்டார்.

"எதுக்குப் பசை? கல்யாண வீட்டுல காத்தாடி ஒட்டப் போறியளா?"

"கல்லுக்குப் பேரு எழுதி ஒட்டுதோம் மதினி" என்றேன்.

அவர் ஏணியைப் பார்த்தார், உத்திரத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"காகிதம் கிழியலேன்னா கல்யாணம் இங்கன. கிழிஞ்சா அப்பம் பாப்போம்" என்று அண்ணாச்சி முடித்தார். முடிவெடுக்கும் பொறுப்பைக் காகிதத்தின் தலையில் வைத்ததில் எங்கள் மூவருக்குமே ஒரு நிம்மதி. அன்று மதினி பரிமாறிய சாப்பாடு என்னவென்று எனக்கு நினைவில்லை. சாதாரணமாக நான் அதையெல்லாம் மறக்கிறவன் அல்ல.

திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்து நேரே போனேன். மூன்று பட்டைகளும் முழுசாக இருந்தன. செவ்வாய்க்கிழமையும் இருந்தன. சாரல் நின்றபாடில்லை. காற்று வீசும்போதெல்லாம் தூவானம் மண்டபத்துக்குள் புகுந்து தூண்களை நனைத்துவிட்டுப் போனது. அண்ணாச்சி உற்சாகமாக இருந்தார். "நம்ம கல்லு வே அது" என்று என் தோளில் தட்டினார். சார்வாள் மட்டும் உத்திரத்தின் கீழே போகாமல் சுற்றிக்கொண்டு நடந்தார். மணவறைக்கு அலங்காரம் செய்கிறவர்களிடம் ஏதாவது வேலை சொல்லி அவர்களையும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை சாரல் விட்டது. மலை தெளிந்து, வெயில் சுள்ளென்று அடித்தது. நான் லீவு போட்டிருந்தேன். மத்தியானம் ஏணியில் ஏறியபோது நடுப்பட்டை கிழிந்திருந்தது.

சார்வாளைக் கூப்பிட்டேன். அவர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். அடிப்பட்டை ஒரு முனையில் உரிந்து தொங்கியது. நுனிப்பட்டை முழுசாக ஒட்டிக்கொண்டிருந்தது. கல் நகர்ந்திருந்தால் புதிதாகப் பிளந்த நுனியில் உள்ளதுதான் முதலில் கிழிய வேண்டும். அது கிழியவில்லை.

"சோத்துப் பசை" என்றார் சார்வாள் மெதுவாக. "ரெண்டு நாளு சாரல்ல ஊறி, இன்னைக்கு வெயில்ல சுருங்கியிருக்கு. சுருங்குனா காகிதம் தானே கிழியும். வத்தல் வெடிக்க மாதிரி."

"அப்ப கல் நகரலையா?"

"அதுவும் தெரியாது. நகந்திருந்தாலும் கிழியும், நகராட்டாலும் கிழியும். நமக்கு இந்தக் காகிதம் ஒண்ணுமே சொல்லல வே."

அந்தப் புத்தகம் சாரல் அடிக்காத தேசத்தில் எழுதியது. குற்றாலத்துக் காற்றில் பிறந்து வளர்ந்த எனக்கு, திறந்த மண்டபத்தில் காகிதம் ஒட்டும்போது அது உறைக்கவில்லை. அப்பளம் இடுகிற எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

"என்ன ஏணி? என்ன காயிதம்?"

திரும்பினோம். வெள்ளை மீசையும் இறுக்கிக் கட்டிய இடுப்பு பெல்ட்டுமாக ஒருவர் நின்றிருந்தார். யார் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. பெண்ணழைப்புக்கு முன்னால் ஏற்பாடுகளைப் பார்க்க ஆலங்குளத்திலிருந்து முதல் ஆளாக வந்து இறங்கியிருந்தார் ஏட்டையா.

அண்ணாச்சி பந்தலடியிலிருந்து ஓடிவந்தார். "வாங்க சம்பந்தி, வாங்க. இவுக நம்ம சிநேகிதக்காரவுக. கல்லைப் பத்திப் படிக்குதவுக."

"கல்லைப் பத்தியா?" ஏட்டையா ஏணியின் முதல் படியில் காலை வைத்து அண்ணாந்து பார்த்தார். "தேதி போட்டு ஒட்டியிருக்கு. என்ன வே, கல்லு மேல கேஸா?"

"கல்லோட வயசு எழுதி வைக்கோம் ஏட்டையா" என்றார் சார்வாள்.

"போன ஞாயித்துக்கெழமை தேதில்லா போட்டிருக்கு. மூணு நாளுதான் கல்லுக்கு வயசா?"

அண்ணாச்சி சிரித்தார். அப்படி ஒரு வறண்ட சிரிப்பை அவரிடம் நான் கேட்டதில்லை. ஏட்டையா சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சநேரம் மேலே பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் வரும் பஸ்ஸை எதிர்கொள்ள வேண்டும் என்று போய்விட்டார். நல்லவேளை அவர் ஏணியில் ஏறவில்லை.

அவர் தலை மறைந்ததும் அண்ணாச்சி மணவறைத் திண்டில் உட்கார்ந்தார். உடனே எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தார். அது எங்கள் மூவருக்கும் போதுமானதாக இருந்தது.

"மாத்திருவோம். நான் போய் ஏட்டையா கால்ல விழுந்து உண்மையச் சொல்லிருதேன்" என்றார்.

"கால்ல விழ வேண்டாம். கல்லு விழாம பாருங்க."

மதினி தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமையே அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார்.

"கல்லுக்குப் பேரு எழுதுதியளாக்கும்! ஆம்பளைய மூணு பேரு சேந்து காயிதத்தை ஒட்டிட்டு நாலு நாளு அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கிய. தோப்புல பனங்கட்டை கெடக்கே, முட்டுக் குடுக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலையா?"

"முட்டுக் குடுத்தா தெரிஞ்சு போகும் மதினி. மணவறைக்கு ரெண்டு பக்கமும் பனங்கட்டை நின்னா ஏட்டையா என்னன்னு கேக்க மாட்டாரா?" என்றேன்.

"கட்டைய எதுக்குக் காட்டுதிய? வாழை மரத்தை வச்சுக் கட்டுங்க. குலையும் தாருமா. கல்யாண வீட்டுல வாழை நின்னா எவன் கேப்பான்?"

"வாழை வாசலுக்குல்லா கட்டுவாவ. மணவறையிலயா?" என்றார் அண்ணாச்சி.

"எங்க வீட்டு வழக்கம்னு சொல்லுங்க."

பொழுது சாய்வதற்குள் முடித்தோம். தோப்பில் வேலை செய்யும் இரண்டு பேர் பனங்கட்டைகளைச் சீவி அளவாக அறுத்துக் கொடுத்தார்கள். விரிசலின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அடியில் ஆப்பு வைத்து இறுக்கும்போதுதான் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆப்பு தளர்ந்தால் முட்டு வெறும் அலங்காரம். அளவுக்கு மீறினால் உத்திரத்தை மேலே தள்ளி விரிசலை அதுவே திறந்துவிடும். சார்வாள் ஏணியில் நின்று கல்லில் காதை வைத்துக்கொண்டார். கீழே ஒவ்வோர் அடிக்கும் கையைக் காட்டினார். ஒரு கட்டத்தில் கல்லுக்குள்ளிருந்து கிறுக்கென்று ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் அப்படியே நின்றோம். தோப்புக்குள் எங்கோ ஒரு மட்டை விழுந்தது கேட்டது.

"போதும்" என்றார் சார்வாள்.

பூவன் தாரோடு இரண்டு வாழை மரங்களைக் கட்டைகளுக்கு முன்னால் நிறுத்திக் கயிற்றால் சுற்றினோம். பின்பக்கம் தெரியாமல் தென்னங்குருத்துத் தோரணத்தை மதினியே தொங்கவிட்டார். கிழிந்த பட்டையையும் உரிந்த பட்டையையும் சுரண்டி எடுத்தேன். நுனிப்பட்டை வரவில்லை. அதை விட்டுவிட்டேன்.

முகூர்த்தத்தன்று நான் சாப்பிடாமல் போய் நின்றேன். மண்டபம் கொள்ளாத கூட்டம். முன்வரிசையில் இருந்த பெண்கள் வாழை மரத்தைப் பார்த்து, "நடுவுல என்னட்டி வாழை?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள். ஏட்டையா மதினியிடமே நேராகக் கேட்டார்.

"இது எந்த ஊரு வழக்கம்?"

"எங்க வீட்டு வழக்கம் சம்பந்தி" என்றார் மதினி, இமைக்காமல்.

பெண்ணும் மாப்பிள்ளையும் மணவறையில் உட்கார்ந்தார்கள். நான் மாப்பிள்ளையை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மிலிட்டரி வெட்டு முடி. வெயிலில் கறுத்த கழுத்தில் புதுச் சட்டைக் காலர் வெள்ளையாகத் தெரிந்தது. இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். தவில்காரர் மணவறைக்குப் பக்கத்தில் உட்கார வந்தபோது சார்வாள் அவரிடம் ஏதேதோ சொல்லி வெளிப்பந்தலுக்கு நகர்த்தினார்.

அப்போதுதான் நான் பயந்தது நடந்தது. கூட்டம் முன்னால் நெருக்க, ஏட்டையா சமாளிக்க வாழை மரத்தின்மேல் கையை ஊன்றினார். வாழை மரம் வளைந்து கொடுக்கும். இது கொடுக்கவில்லை. அவர் கையை எடுத்துவிட்டு மறுபடி மெதுவாக வைத்து அழுத்தினார். தோரணத்தை ஒரு விரலால் விலக்கினார். பனங்கட்டையைப் பார்த்தார். கட்டை போகும் வழியே மேலே பார்த்தார். உத்திரத்தில் சுண்ணாம்பு சுரண்டிய இடமும், நுனியில் மிஞ்சியிருந்த என் காகிதப் பட்டையும் அவர் கண்ணில் பட்டன. பிறகு கூட்டத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்தார்.

அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி கையில் தாம்பாளத்தோடு அசையாமல் நின்றிருந்தார். அவரும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். ஐயர் மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏட்டையா ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஏட்டையா தோரணத்தைச் சரியாக இழுத்துவிட்டார். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து நின்று, வாழை மரத்துக்கு முன்னால் முதுகைக் கொடுத்துக்கொண்டார்.

"தள்ளி நில்லுலே! மாப்பிள்ளைக்குக் காத்து வரவேண்டாமா? ஏ அம்மா, உங்களத்தான், பின்னால போங்க. மரத்துல எவனும் சாயாத! சாஞ்சா தாரு விழும்!"

அது தாலுக்கா கச்சேரி வாசலில் முப்பது வருஷம் கூட்டத்தை அடக்கிய குரல். கூட்டம் பின்வாங்கியது. மறுபக்கத்து வாழை மரத்தடியில் சார்வாள் போய் அதே போல நின்றுகொண்டார்.

கெட்டிமேளம் கொட்டியது. குரவைச் சத்தம் எழும்பியது. எல்லோரும் அட்சதையைத் தூவினார்கள். நான் தூவவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். உத்திரத்திலிருந்து சின்னச் சின்ன மினுமினுப்பாக ஏதோ உதிர்ந்தது. மஞ்சள் அரிசியோடு கலந்து பெண்ணின் தலையிலும் தோளிலும் இறங்கியது. காக்காப்பொன். பக்கத்தில் நின்ற அம்மாள், "பாருங்க, அட்சதையில ஜிகினா கலந்திருக்காவ" என்றாள்.

முட்டு இறுகிய இடத்தில் உரிந்து விழுந்ததா, விரிசல் நகர்ந்து விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தாலி ஏறிய கையோடு மதினி மணமக்களை எழுப்பி, பாலும் பழமும் வீட்டில்தான் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். மண்டபம் காலியான பிறகே ஏட்டையா மரத்தை விட்டு நகர்ந்தார். அண்ணாச்சி அவர் முன்னால் போய் நின்றார்.

"ஆடி மாசத்துல கல்லை ஒரு வழி பண்ணிருங்க சம்பந்தி" என்றார் ஏட்டையா.

"நீங்க... அப்பவே சொல்லியிருந்தா..."

"சொல்லி? நாளைக்கு ரயில் ஏறுதான் என் மருமவன். அவன் போற எடத்துல மேல இருந்து விழுகதுக்குக் கல்லுதான் வேணும்னு இருக்கா? கட்டிக்கிட்டுப் போகட்டும். இங்க ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கான்னா பையன் கொஞ்சம் தலையக் குனிஞ்சு நிப்பான்." பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா ஒம்ம காயிதம் இருக்கு பாரும், அது சுத்த மோசம் வே."

ஆடியில் உத்திரத்தை இறக்க அண்ணாச்சிக்கு மனம் வரவில்லை. முட்டு நின்ற இடத்திலேயே இரண்டு கல்தூண்களை நிறுத்தினார். அதற்குக் கல் தேடி மலையடிவாரத்தில் கல் உடைக்கும் குழிகளுக்கு நாங்கள் மூவரும் நடந்தோம். அத்தனை நடையிலும் அந்த ஒரு நடையில்தான் கல்லை ரசிக்கத் தோன்றவில்லை. நனைத்து, தட்டி, வரி நெட்டுக்கு ஓடுகிற இரண்டு கல்லைப் பார்த்தெடுத்தோம்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஆவணியில் ஆலங்குளத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் தங்கைக்கு. அவன் திரும்பி வந்திருந்தான். ஒரு காது சரியாகக் கேட்காது, மற்றபடி குறையில்லை. நானும் சார்வாளும் போயிருந்தோம்; அண்ணாச்சி வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். பந்தலில் ஏட்டையா ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கன இல்லலே, மணவறைக்கு ரெண்டு பக்கமும் கட்டு! தாரு முன்னால தெரியணும்!"

"வாசலுக்குக் கட்டியாச்சே, இங்கன எதுக்கு?" என்றான் வாழை கட்டுகிறவன்.

"தென்காசி சம்பந்தி வீட்டு வழக்கம்லே. நம்ம வீட்டுக்கு ராசியா அமைஞ்சு போச்சு. கேட்டுப்பாரு, இவுகளும் தென்காசிதான்."

அவன் எங்களைப் பார்த்தான். "ஆமா, அப்படித்தான்" என்றார் சார்வாள்.

மேலே வெறும் ஓலைப் பந்தல். ஒரு கல்கூடக் கிடையாது. ஆனாலும் கெட்டிமேளம் கொட்டியபோது நாங்கள் மூன்று பேரும், சார்வாளும் நானும் ஏட்டையாவும், அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.